குமரி மாவட்டத்தில் நாட்டு மரம் வளர்க்க: பட்டா முதல் மூன்றாம் கோடை வரை

பத்து சென்ட் விளையோ (தோட்டமோ) இரண்டு ஏக்கர் ரப்பரோ கையில் இருக்கிறது, அதில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி என்றால் இது உங்களுக்கானது. விளவங்கோடு பக்கம் ஒரு பழைய ரப்பர் விளையை அயனியும் வேங்கையும் நாங்கும் நிற்கிற இடமாக மாற்ற முயன்றபோது, மரம் வளர்ப்பதைவிட அதற்கு முன்னால் இருக்கும் வேலைகள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது, எந்தக் கன்றை நம்புவது, எந்த மாதத்தில் குழி வெட்டுவது என்று முறையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பலரும் ஐந்தாம் படியில் தொடங்குகிறார்கள், அங்கேதான் பணமும் ஓராண்டும் வீணாகின்றன.

1. முதலில் காகிதம்

மண்வெட்டியைத் தொடும் முன் மூன்று ஆவணங்களை எடுத்துவையுங்கள்: பட்டா (சிட்டா), புல எண் வாரியாக நில விவரம் சொல்லும் அ பதிவேடு, நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படம். மூன்றும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் போதும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, நான்கு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் இப்போதே மாறுதலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் வாங்குவார்கள். உட்பிரிவு தேவையில்லாத மாறுதல் சில வாரங்களில் முடிந்துவிடும். உட்பிரிவு செய்ய வேண்டும் என்றால் நில அளவர் நேரில் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். அரசுத் திட்டத்தில் கன்று வாங்கவும், பின்னாளில் ஒரு மரத்தை வெட்டவும் பட்டாவில் உங்கள் பெயர்தான் முதலில் பார்க்கப்படும்.

அடுத்தது இந்த மாவட்டத்தின் பெரிய பொறி. மலையோரக் கிராமங்களில் பல புல எண்கள் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நிலம் உங்களுடையது, பட்டா உங்களுடையது, வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் அறிவிக்கப்பட்ட புல எண்ணாக இருந்தால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ, மரத்தை வெட்டவோ முடியாது. ரப்பரை எடுத்துவிட்டு நாட்டு மரம் வைக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பரை வெட்டுவதற்கே அனுமதி கேட்க நேரலாம். நல்ல எண்ணத்துடன் செய்கிறோம் என்பதற்காகச் சட்டம் வழிவிடாது.

உங்கள் புல எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வாய்மொழியாகக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். 'அதெல்லாம் ஒன்றும் இல்லை, நடுங்கள்' என்று ஒருவர் சொல்வார். அடுத்த அலுவலகத்தில் 'அது அவர்களைக் கேட்க வேண்டும்' என்று வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். புல எண், உட்பிரிவு எண், கிராமம் எல்லாம் குறித்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கும் உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். என்னைக் கேட்டால் மனுவோடு நிறுத்தாமல் அதையும் உடனே அனுப்பிவிடுவேன்.

நாஞ்சில் நாட்டுச் சமவெளியில், கடற்கரையில், ஊருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. ஒரு முறை சரிபார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடலாம்.

2. உங்கள் விளைக்கு எந்த மழை?

குமரி சிறிய மாவட்டம்தான். ஆனால் களியலில் வாழும் மரம் ஆரல்வாய்மொழியில் வாழாது. விளவங்கோடு, திருவட்டார், கல்குளம் வட்டங்களின் மலையோரப் பகுதிக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைக்கும். நடுவில் கோடை மழையும் எட்டிப்பார்க்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் போகப் போகத் தென்மேற்குப் பருவம் மழையாக அல்லாமல் காற்றாகவே வந்து சேரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடியில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் முழங்கால் உயரக் கன்று ஒடியாமல் நின்றாலும் இலை காய்ந்துவிடும்.

ஆகவே மேற்குப் பக்கம் என்றால் ஆனி தொடக்கத்தில், மண் ஒரு முழம் நனைந்த பிறகு நடுங்கள். கிழக்குப் பக்கம் என்றால் ஐப்பசி வரை பொறுத்திருங்கள். எங்கும் மரக்கன்று விழா நடக்கிறதே என்று ஆடியில் தோவாளையில் நட்டவர்களின் கன்றுகளை அடுத்த ஆண்டு தேடினால் குச்சிதான் மிச்சம் இருக்கும்.

மரத் தேர்வும் இதையொட்டித்தான். மலையோர ஈரத்துக்கு அயனி, நாங்கு, கோங்கு, வெள்ளைப் பயின், குடம்புளி, செண்பகம், தான்றி, வேங்கை. சமவெளியிலும் ஆற்றோரத்திலும் நீர்மருது, இலுப்பை, மகிழம், புங்கன், நாவல், கடம்பு, ஏழிலைப்பாலை. தோவாளையின் வறண்ட சரல் (கல் கலந்த) மண்ணுக்கு உடை மரம், வேம்பு, வாகை, சரக்கொன்றை, ஆத்தி, வெப்பாலை. மருத்துவாழ்மலை அடிவாரத்தில் எது தானாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடற்கரை மணலுக்குப் புன்னையும் பூவரசும் தாழையும், சற்று உள்ளே பனையும். உப்புக்காற்றைத் தாங்குவதில் புன்னைக்கு ஈடு இல்லை. மணக்குடிக் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டில் மட்டும் தனியாளாகப் போய் எதையும் நட்டுவைக்காதீர்கள். அந்த வேலை வனத்துறையோடு சேர்ந்து செய்ய வேண்டியது.

3. கன்று வாங்கும் முன் மரத்தைப் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போவதால்தான் நாட்டு மரக்காடு என்ற பெயரில் மகாகனித் தோப்புகள் உருவாகின்றன. ஒரு பூக்காலமும் ஒரு காய்க்காலமுமாவது பார்த்தால்தான் மரம் மனத்தில் பதியும். மாசி முதல் ஆனி வரை பார்ப்பதற்கு மிக நல்ல காலம்.

எங்கே பார்ப்பது? புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. ஒரு காலை நேரம் போதும், சிறிய நுழைவுக் கட்டணம்தான். கோயில் வளாகங்களிலும் பழைய காவுகளிலும் (கோயில் காடுகளிலும்) நிற்கும் மரங்கள் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத நாட்டு மரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோடு போங்கள். ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஐயம் தீர்க்க நாகர்கோவிலின் பழைய கல்லூரிகளில் தாவரவியல் துறைகள் இருக்கின்றன. பூவோ காயோ உள்ள கிளையின் படம், இலையின் முன்பக்கம், பின்பக்கம், பட்டை என்று நான்கு படங்கள் கொண்டுபோனால் ஆசிரியர்கள் ஆர்வத்தோடு பார்த்துச் சொல்வார்கள். ஒற்றை இலையை வாடிப்போன நிலையில் நீட்டினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளும் உதவும். ஆனால் செயலி முதலில் சொல்லும் பெயரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், படத்தைப் பதிவேற்றிவிட்டுத் தெரிந்தவர் உறுதி செய்யும்வரை காத்திருங்கள்.

காட்டுக்குள் போவதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு. காளிகேசம் போலச் சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டிப் போகக்கூடிய இடங்கள் தவிர, மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் போன்ற இடங்களுக்கு அனுமதி இல்லாமல் போவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விதை பொறுக்கி வருவதும் அப்படியே. மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆய்வுக்காகப் போகிறவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் முறையாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நிறுவனத்தின் கடிதம் தேவைப்படும். நம்மைப் போன்றவர்கள் கீரிப்பாறைச் சாலையிலும் பேச்சிப்பாறை அணைப் பக்கத்திலும் பொதுவழியில் நின்று பார்த்தாலே ஆறு மாதத்துக்கான பாடம் இருக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு.

மரங்களை உண்மையில் அறிந்தவர்கள் இந்த மலைகளின் பழங்குடியினரான காணி மக்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு நடந்து பெயர் சொல்லிக்கொடுத்தால் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அறிவை அள்ளிக்கொண்டு வருவது பழைய பழக்கம். இதே பாலோடு தோட்டத்தார், காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து மருந்து செய்தபோது வருவாயில் அவர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். அந்த அளவுக்கு நம்மிடம் வருவாய் இல்லை என்றாலும் கூலி கொடுக்க முடியும்.

பழகும் காலத்தில் இரண்டு மரங்களிடம் எட்டி நில்லுங்கள். சேராங்கொட்டை, கருஞ்சேரு இவற்றின் பால் பட்டால் தோல் கொப்பளித்து வாரக்கணக்கில் ஆறாது. பெயர் தெரியாத மரத்தின் கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

4. ஏற்கெனவே நிற்பதைக் கணக்கெடுங்கள்

விளையில் காடு வெட்டும் ஆளை அழைப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கள். பறவையும் வௌவாலும் அணிலும் கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்து, வேலியோரத்திலும் ரப்பர் மூட்டிலும் (அடியிலும்) நாட்டு மரக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கும். பத்து சென்டில் இப்படி நிற்கும் அயனி, வட்டை, நாவல், எட்டி ஆகியவற்றை எண்ணிவிட்டால் வாங்க வேண்டிய கன்று பாதியாகக் குறையும். தானாக முளைத்த கன்றுக்கு ஆணிவேர் ஒழுங்காக இறங்கியிருக்கும், பாலித்தீன் பையில் சுருண்ட வேர் அதனுடன் போட்டியிட முடியாது. வண்ணத்துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டுத்தான் களை வெட்ட ஆளை விட வேண்டும். இல்லாவிட்டால் அரிவாளுக்கு அயனியும் ஒன்றுதான் உண்ணிச்செடியும் ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அயனியின் இளங்கன்றில் இலை ஆழமாகப் பிளவுபட்டு, கடச்சக்கை (ஈரப்பலா) இலை போலவே இருக்கும். மரம் வளர்ந்த பிறகுதான் இலை பிளவில்லாமல் முழுதாகும். 'இது அயனி இல்லை' என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிப் பிடுங்கச் சொல்வார். பிடுங்காதீர்கள்.

ரப்பர் விளையை மாற்றுகிறவர்கள் எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் சாய்க்க வேண்டியதில்லை. நாங்கு, பயின், குடம்புளி போன்றவற்றுக்கு இளமையில் நிழல் பிடிக்கும். வரிசை விட்டு வரிசை ரப்பரை எடுத்துவிட்டு இடையில் இவற்றை நட்டால், மிச்ச ரப்பர் நிழலும் தரும், வெட்டும்வரை பாலும் தரும். வேங்கை, மருது, கொன்றை போன்ற வெயில் விரும்பிகளைத் திறந்த பக்கத்தில் வையுங்கள்.

5. கன்று எங்கே, எவ்வளவு?

இலவசமாகக் கிடைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று வனத்துறை நடத்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், 2022-இல் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து, எந்த நாற்றங்காலில் என்ன கன்று இருக்கிறது என்று கேட்டு வாங்கலாம். மற்றொன்று வேளாண்துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம். உழவன் செயலியிலோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிவு செய்ய வேண்டும். வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றும், நிலம் முழுக்க நட ஏக்கருக்கு 160 கன்றும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. 160 என்றால் கிட்டத்தட்ட ஐந்து மீட்டருக்கு ஒன்று. பத்து சென்டுக்கு அதே இடைவெளியில் 16 கன்று போதும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், பட்டா அல்லது சிட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன விளைகிறது என்ற கிராமக் கணக்கு), வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு புகைப்படங்கள், பதிவு செய்த கைபேசி. எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுங்கள். ஒரு நகல் எங்காவது காணாமல் போகும்.

நேரம் முக்கியம். ஆனியில் நடுவதற்குப் பங்குனியிலேயே பதிவு செய்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு போனால் நாற்றங்காலில் யாரும் விரும்பாத கன்றுகளே மிச்சம் இருக்கும். இலவசம் என்றாலும் வண்டி வாடகை உங்களுடையது. டெம்போவுக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்து விளைக்காரரையும் சேர்த்துக்கொண்டால் பாதியாகும்.

அரசு கொடுக்கும் கன்று எல்லாம் நாட்டு மரம் என்று எண்ணிவிடாதீர்கள். விவசாயிக்கு வருமானம் தரும் தடிமரம் என்ற நோக்கத்தில் மகாகனியும் பட்டியலில் இருக்கும். அது அமெரிக்கக் கண்டத்து மரம். கேட்காமல் இருந்தால் மகாகனியையே தலையில் கட்டுவார்கள். 'வேங்கை, மருது, இலுப்பை, புங்கன் மட்டும்' என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எது இல்லையோ அதற்குப் பதில் வேறு வாங்காமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தனியார் நர்சரிகளில் சாதாரணக் கன்று 30 ரூபாயில் தொடங்கும். நாங்கு, கோங்கு, பயின் போன்ற அரிதானவை நூறைத் தாண்டும். குடம்புளியில் ஒரு சங்கதி உண்டு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைக்கன்று வாங்கி வளர்த்தால் ஆண்மரமாகி ஒரு காய்கூடத் தராமல் நிற்கக்கூடும். காய் வேண்டும் என்றால் பெண்மரத்திலிருந்து கட்டிய ஒட்டுக்கன்று வாங்குங்கள். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விசாரியுங்கள்.

நர்சரிப் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். எனக்கு ஒரு நர்சரியில் வேங்கை என்று எடுத்துக்கொடுத்தது செம்மரம். ஓரளவு வளர்ந்த கன்றில் பார்த்தால் செம்மரத்துக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், வேங்கைக்கு ஐந்து முதல் ஏழு. செம்மரம் ஆந்திரத்துக் கிழக்கு மலைகளுக்கு உரியது, வளர்ந்த பிறகு வெட்ட நினைத்தால் காகித வேலையும் ஏராளம். கொன்றை கேட்டாலும் கவனம். நமக்கு வேண்டியது பங்குனி, சித்திரையில் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றை. முதுமலைக் காட்டில் வனத்துறை பிடுங்கி எறிந்துகொண்டிருக்கும் வெளிநாட்டு மஞ்சள் கொன்றையையும் அதே பெயரில் விற்கிறார்கள். குல்மோகர், தூங்குமூஞ்சி, அக்கேசியா மூன்றும் எவ்வளவு அழகாக நிழல் தந்தாலும் நம்மூர் மரங்கள் அல்ல. கொனோகார்பஸைத் தமிழக அரசே தடை செய்துவிட்டது. இன்னும் எங்காவது வைத்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கன்றைத் தேர்வு செய்யும்போது உயரத்தில் மயங்காதீர்கள். சிறிய பையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும். இரண்டடிக் கன்று, பென்சில் தடிமன் தண்டு, பையின் அடியில் வேர் வெளியே வராதது. அவ்வளவுதான் வேண்டும்.

6. விதையிலிருந்து வளர்க்க நினைத்தால்

செலவே இல்லை, பொறுமைதான் செலவு. அயனிப் பழம் வைகாசியை ஒட்டிப் பழுத்து விழும். அதன் விதை காய வைத்தால் செத்துப்போகும், சில நாட்களுக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். இலுப்பை, வேம்பு, பயின் எல்லாம் இதே வகை. 'அடுத்த மழைக்கு நடலாம்' என்று டப்பாவில் போட்டு வைத்தால் அத்துடன் முடிந்தது. புன்னைக் கொட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். சரக்கொன்றை விதைக்குத் தோல் கடினம்: வெந்நீரில் போட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள், அல்லது உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்துவிடுங்கள். வேங்கை விதையைச் சிறகோடு ஊறவைத்து நிறையப் போடுங்கள், முளைப்பது குறைவுதான். குடம்புளி மாதக்கணக்கில் உறங்கும்.

விதை எடுக்கும் இடம் உங்கள் ஊர்த் தோட்டமோ சாலையோரமோ அனுமதி பெற்ற காவோ ஆக இருக்கட்டும். சரணாலயத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

7. நடவு

சித்திரைக் கடைசியில் குழி வெட்டி ஒரு மாதம் வெயிலில் ஆறப் போடுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். வெட்டுக்கல்லோ சரலோ தட்டுப்பட்டால் இரண்டடிக்குக் குறையாமல் கடப்பாரை போட வேண்டும். ஒரு நாள் ஆண் கூலி இங்கே ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது. பத்து சென்டின் 16 குழிக்கு மண் நல்லதாக இருந்தால் ஓர் ஆள் ஒரு நாள், சரல் என்றால் இரண்டு நாள். ஜேசிபி பிடித்தால் வேகமாக முடியும்தான், ஆனால் நீங்கள் துணி கட்டிவைத்த கன்றுகளை மிதித்து நாசமாக்கிவிடும். மேல்மண்ணைத் தனியே வைத்து, மட்கிய சாணத்தோடு கலந்து குழியின் அடியில் போடுங்கள். ரசாயன உரம் வேண்டாம்.

கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறை பற்றிக் கேட்பார்கள். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்று வைத்தாலே பத்து சென்டுக்கு 1,200-க்கு மேல் வேண்டும். மண் கெட்டுப்போன நகர்ப்புற மூலைக்கு அது பொருந்தலாம். இரண்டு மழை பெய்யும் விளவங்கோட்டு மண்ணுக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இடைவெளி விட்டு நட்டு, நடுவில் தானாக வருவதை வரவிட்டால் அதே அடர்த்தி சில ஆண்டுகளில் காசில்லாமல் வந்துவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் பதினைந்து அடி தள்ளி நடுங்கள். மின்கம்பிக்கு அடியில் உயர மரம் எதுவும் கூடாது, மின்வாரியம் ஆண்டுதோறும் வந்து உச்சியை வெட்டிவிட்டுப் போகும்.

8. மூன்று கோடைகள்

நடுவது ஒரு நாள் வேலை. தை முதல் வைகாசி வரையான வறண்ட மாதங்களில்தான் கன்று பிழைப்பதும் சாவதும். முதல் கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு குடம் தண்ணீர், தினமும் அரைச் செம்பு ஊற்றுவதைவிட இதுவே நல்லது. வேர் ஆழமாகத் தேடிப் போகும். கன்றின் அடியைச் சுற்றித் தென்னை ஓலையோ கதம்பலோ (தேங்காய் மட்டையோ) காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள். தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் கறையான் ஏறும். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். மூன்றாம் கோடையில் இலை வாடினால் மட்டும்.

வேலிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்டுக்கு மூங்கில் கூண்டு போதும். மலையோரத்தில் காட்டுப்பன்றி புதிதாகக் கிளறிய மண்ணைத் தேடி வந்து கன்றோடு சேர்த்துப் புரட்டிவிடும். நட்ட முதல் மாதம் கன்றின் அடியைச் சுற்றிக் கல் அடுக்கி வையுங்கள். பங்குனியில் பக்கத்து விளையில் சருகுக்குத் தீ வைப்பார்கள். மாசியிலேயே எல்லையில் ஆறடி அகலத்துக்குச் சருகை வாரித் தீத்தடுப்பு எடுத்துவிடுங்கள்.

திட்டத்தில் வாங்கிய கன்று என்றால் பின்னர் எண்ணிப் பார்க்க ஆள் வருவார்கள். நட்ட நாளில் ஒவ்வொரு கன்றையும் இடக்குறிப்போடு படம் எடுத்து வையுங்கள். செத்தவற்றை மறைக்கத் தேவையில்லை, அடுத்த பருவத்தில் மாற்றுக் கன்று கேட்க அந்தக் கணக்கு உதவும். சீசன்வாட்ச் என்ற குடிமக்கள் அறிவியல் முயற்சியில் ஒரு மரத்தைப் பதிவு செய்து, வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் பார்த்துக் குறித்துவந்தால் மரத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. செலவும் இல்லை.

9. காவு, குளத்தங்கரை, சானல்கரை

சொந்த நிலம் இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. ஆனால் பொது இடத்தில் கேட்காமல் நடாதீர்கள். சானல் (பாசனக் கால்வாய்) கரைக்கு நீர்வளத்துறை, சாலையோரத்துக்கு நெடுஞ்சாலைத்துறை அல்லது ஊராட்சி, ஊர்க்குளத்துக்கு ஊராட்சி, கோயில் நிலத்துக்கு அறநிலையத்துறை. எந்த இடம், எந்த மரம், யார் தண்ணீர் ஊற்றுவார் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுமதிக் கடிதம் வாங்குங்கள். கடிதம் இல்லாமல் நட்ட மரத்தைச் சாலை அகலப்படுத்தும்போது கேள்வியே இல்லாமல் வெட்டுவார்கள். சானல் கட்டுமானச் சுவரின் மேல் ஆலும் அரசும் வைக்காதீர்கள், சுவரைப் பிளந்துவிடும்.

சாஸ்தா காவு, நாகர் காவு, யட்சி குடியிருக்கும் பாலை மரம் என்று மேற்குப் பகுதியில் இன்னும் மிச்சம் இருக்கும் துண்டுக்காடுகளைப் புதிதாக நடுவதற்கு முன் காப்பாற்ற வேண்டும். காவின் நடுவே தளம் போட்டு மேற்கூரை அமைப்பதுதான் இப்போதைய பெரிய ஆபத்து, பக்தியின் பெயரால் நடப்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. முதலில் காவு யார் பெயரில் இருக்கிறது என்று அ பதிவேட்டில் பாருங்கள். பிறகு உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். 'அப்படி ஒன்று இருக்கிறதா?' என்று அலுவலகத்திலேயே உங்களைத் திருப்பிக் கேட்டால் வியப்படைய வேண்டாம், அதே 10 ரூபாய் மனுவில் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். உங்கள் காவின் மரங்கள் அதில் இல்லாவிட்டால் படங்களோடு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ்த்தான் 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில் காடு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிறிய காவுகளுக்கும் வழி இருக்கிறது என்று குடும்பத்தாரிடமும் கோயில் குழுவிடமும் எடுத்துச் சொல்ல அந்த எடுத்துக்காட்டு பயன்படும்.

10. வெட்ட நேர்ந்தால்

நட்ட மரம் வெட்டுவதற்கா என்று கேட்காதீர்கள். மகள் திருமணத்துக்கு ஒரு மரம் வெட்டலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பலரும் நடவே முன்வருவார்கள். அதனால் நடும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, என்ன மரம், எத்தனை மூடு என்று அடங்கலில் பதியச் சொல்லுங்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் இவற்றை வெட்டவும் வண்டியில் ஏற்றவும் தனித்தனி விதிகள் உண்டு. பட்டா நிலத்து மரம்தான் என்பதற்கு அடங்கல் பதிவும் புலப்படமும் இல்லாமல் வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வாங்குவது பெரும்பாடு. மர வியாபாரி 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்பணம் நீட்டினால், அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில் வந்த பிறகு மட்டுமே கோடாலியை உள்ளே விடுங்கள். வழியில் வண்டி பிடிபட்டால் கேள்வி நிலத்துக்காரரிடம் வரும். பனையை வெட்ட அனுமதி தனி, அதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும்.

புயலில் விழுந்த மரத்துக்கும் இது பொருந்தும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்துப்போட்டபோது ரப்பரும் வாழையும் மற்ற மரங்களுமாக மாவட்டமே சாய்ந்து கிடந்தது. மரம் விழுந்தால் அறுக்கும் முன் வேர், தூர், சுற்றுப்புறம் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றோ மறுநாளோ எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீடு கேட்பதற்கும், தடியை எடுத்துச்செல்வதற்கும் அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள். சாலையில் குறுக்கே விழுந்தது பொது மரம் என்றால் வழியை மட்டும் விடுவித்துவிட்டுத் தடியை அங்கேயே ஓரத்தில் விட்டுவிடுங்கள், அது ஏலத்துக்குப் போக வேண்டிய அரசு மரம்.